நான் மாற்றி எழுதிய எண்

தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஏழாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவுக்கு குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கர்ப்ப காலத்தில் வரும் சர்க்கரை என்றார் நர்ஸம்மா. இரண்டு வாரம் சாப்பாட்டைச் சரிசெய்து பார்க்கலாம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்றிருபதுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லி அனுப்பினார்.

ஊசி என்றதும் அத்தைதான் ஆடிப்போனாள். மாமாவுக்கு ஊசி ஆரம்பித்த வருடமே காலில் புண் வந்து, காலை எடுத்திருந்தார்கள்.

"ஊசி மட்டும் வேண்டாஞ் சாமி. உங்க மாமனுக்கு அதுலதான் காலே போச்சு" என்று என்னிடமே சொன்னாள். நான் அதை அப்படியே நம்பினேன்.

அம்மா சோற்றைப் பாதியாகக் குறைத்துக் கீரையும் பச்சைப்பயறும் கூட்டிக்கொண்டாள். வீட்டில் வாழைத்தார் பழுத்துத் தொங்கியும் அந்தப் பக்கம் போகவில்லை. சாப்பிட்டதும் வெற்றிலைக் கொடிக்கால் வரப்பில் நடப்பாள், நானும் கூடவே நடப்பேன். விரலைக் குத்தி, நர்ஸம்மா கொடுத்தனுப்பிய மெஷினில் சர்க்கரை பார்ப்பது அவள் வேலை. எண்ணை நோட்டில் எழுதுவது என் வேலை. கணக்கில் நான் கெட்டிக்காரி என்று வீட்டில் பெயர்.

முதல் வாரம் தொந்தரவில்லை. இரண்டாவது வாரம் ஒரு நாள் நூற்று நாற்பத்தெட்டு காட்டியது. அம்மா அதைப் பார்த்தாள். மெஷினை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் 118 என்று எழுதினேன். அடுத்த நான்கு நாட்களும் அப்படித்தான்.

இரண்டு வாரம் முடிந்து நாங்கள் போனபோது நர்ஸம்மா நோட்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மெஷினை வாங்கி ஒரு பொத்தானை அழுத்தினார். பழைய எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதற்கு ஞாபக சக்தி உண்டென்று எனக்குத் தெரியாது.

"யாருங்க இதை எழுதுனது?"

"நாந்தானுங்க" என்றாள் அம்மா. "கண்ணு மங்கலா இருந்துச்சு, தப்பா எழுதிட்டனுங்க."

நோட்டு முழுக்க என் குண்டு எழுத்து. நர்ஸம்மா என் பக்கம் திரும்பியதும் அழுதுவிட்டேன். மாமாவின் கால் கதை முழுவதையும் அங்கேயே கொட்டினேன். அவர் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"ஊசியால கால் போகல சாமி. சர்க்கரையை ரொம்ப நாளாக் கவனிக்காம உட்டதால போச்சு. அம்மாவுக்கு ஏறுற சர்க்கரை உள்ள இருக்கற பாப்பாவுக்கும் போகும். பாப்பா அளவுக்கு மீறிப் பெருத்துட்டா, பொறக்கறப்ப ரெண்டு பேருக்குமே சிரமம்."

அன்றே டாக்டர் ஊசி எழுதிக்கொடுத்தார். தொடையில் தானே போட்டுக்கொள்ள அம்மா இரண்டு நாளில் பழகிவிட்டாள். தம்பி நாமக்கல்லில் நல்லபடியாகப் பிறந்தான். பிறந்ததும் குதிகாலில் குத்தி அவனுக்கும் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. அம்மாவுக்கு ஊசி நின்றது. இன்றும் வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பரிசோதித்துக்கொள்கிறாள்.

அன்று என்னைக் காப்பாற்றத்தான் அம்மா பொய் சொன்னாள் என்று பல வருடம் நினைத்திருந்தேன். ஆனால் மெஷினில் வந்த எண்ணை எனக்கு முன்னால் பார்த்தவள் அவள். தினமும் படுக்கப் போகுமுன் நோட்டைப் புரட்டிப் பார்த்தவளும் அவள்தான். ஐந்து நாட்கள் என் பொய்யை அவள் திருத்தவே இல்லை. அந்த வீட்டில் ஊசிக்குப் பயந்த குழந்தை நான் ஒருத்திதான் என்று ஒன்பது வயதில் நம்பிக்கொண்டிருந்தேன்.