கை காட்டிய இடத்தில் நின்றேன்

சபையாரே, என் மனைவி ஜெயா இறந்தது என்னால்தான். அதை மறைத்துவிட்டு இந்தச் சாட்சியை என்னால் சொல்ல முடியாது.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேன் ஓட்டுகிறேன். போன வருடம் ஜூலையில் ஒரு ஞாயிறு காலை, ஜெயாவும் நானும் ஆராதனைக்கு பைக்கில் கிளம்பினோம். எங்கள் மகள் சித்தியோடு முன்பே போயிருந்தாள். இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. ராயபுரம் திருப்பத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார்.

"நில்லுங்க" என்றாள் ஜெயா.

நான் நிற்கவில்லை. சட்டென்று வண்டியைத் திருப்பினேன். பின்னால் வந்த டெம்போ இடித்தது. அவள் தூக்கி எறியப்பட்டாள். அந்தப் போலீஸ்காரர் எங்களைத் துரத்தவே இல்லை. ஓடி வந்து அவளைத் தூக்கியதும் அவர்தான்.

மூன்று நாள் அவளுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் விழுந்து, "ஆண்டவரே, அவளைத் திருப்பித் தாரும்" என்று கதறினேன். நான்காம் நாள் கண் திறந்தாள்.

"இனிமே நின்னுருங்க. பிள்ளைய வச்சு ஓட்டுவீங்கல்லா" என்றாள்.

அன்று மதியம் போய்விட்டாள்.

அதன்பின் காக்கியைக் கண்டாலே என் கை நடுங்கும். வண்டியைத் தொடவில்லை. கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு மாறினேன். எட்டு மாதமாக ஒரே ஜெபம்: "நான் ஓடிவிடாதபடி பிடித்துக்கொள்ளும்."

ஒருநாள் டிரைவர் வரவில்லை. வேறு வழியின்றித் துணி ஏற்றிய வேனை சோமனூருக்கு எடுத்தேன். வழியில் போலீஸ் கை காட்டியது. கால் ஆக்ஸிலேட்டரைத் தேடியது. "இயேசப்பா" என்று மட்டும் சொன்னேன். இடது ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கைகளை ஸ்டீயரிங் மேலேயே வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, கை இப்பிடி நடுங்குது? ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றார் எஸ்.ஐ.

"சார், புகைச் சான்று தேதி முடிஞ்சு போச்சு. மறைக்கல. போன வருசம் நிக்காமத் திருப்பினதுல என் பொஞ்சாதி செத்துப் போனா. அதான் சார்."

அவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "மொதல்ல தண்ணி குடிங்க. அப்பறம் பாக்கலாமுங்க."

அபராதம் எழுதினார். வாங்கிக்கொண்டேன். அவர் போனபின் அழுதேன். அழுது முடிந்தபோது கை நடுங்கவில்லை.

ஆண்டவரிடம் ஜெயாவைக் கேட்டேன். தரவில்லை. ஏன் என்று இன்றும் தெரியாது. ஆனால் அந்த எட்டு மாதம் கேட்டதைத் தந்தார். இன்று மறுபடி வேன் ஓட்டுகிறேன். அவருக்கு ஸ்தோத்திரம்.

வண்டி ஓட்டும் சகோதரரே, கை காட்டினால் ஓரமாக நில்லுங்கள். உள்ளதைச் சொல்லுங்கள். பயமாயிருந்தால் ஒரு வார்த்தை ஜெபியுங்கள். என்னையே நிற்க வைத்தவர், உங்களைக் கைவிடமாட்டார்.