ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்பவள்

கருங்குழி ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில், கடை திறந்ததும் தலையை எண்ணி டோக்கன் கொடுத்துவிடுவார்கள். எண்ணி முடித்த பிறகு வருகிறவர்களுக்கு, பீப்பாயில் எண்ணெய் மிச்சமிருந்தாலும் கிடையாது. ரேணுகா எட்டாவது படிக்கும்போது இதை எதிர்த்துச் சண்டை போட்டாள். எண்ணெய் கிடைக்கவில்லை. வாயாடி என்ற பெயர் கிடைத்தது. அதை அவள் கௌரவமாகவே வைத்துக்கொண்டாள்.

2004இல் எம்.சி.ஏ. முடித்து, ஊரப்பாக்கத்தில் வெப்சைட் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமாக, சீனியர் ஹர்ஷவர்தன் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் வந்தது மாமல்லபுரம் விடுதி ஒன்றின் வெப்சைட் வேலை. டிசம்பர் நாட்டிய விழாவின்போது யாராவது அறையை ரத்து செய்தால், காத்திருப்போருக்கு ஒவ்வொருவராக மெயில் போக வேண்டும். முதலில் பதில் அனுப்புகிறவருக்கு அறை.

அவர்கள் நிரல் எழுதும் பி.எச்.பி. மொழியில், ஒரே வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்யவைக்கும் ஃபார் லூப்பின் அடைப்புக்குள் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, தொடங்கும் முன் ஒரே ஒரு முறை நடக்கும். இரண்டாவதுதான் நிபந்தனை, ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் அதைப் புதிதாகக் கேட்கும். மூன்றாவது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும். வரிசையில் எத்தனை பேர் என்ற கேள்வியை ரேணுகா இரண்டாவதில் வைத்திருந்தாள்.

"ஒவ்வொரு சுத்துக்கும் டேட்டாபேஸை எழுப்பிக் கேப்பியா? முதல் பகுதியில ஒரு தடவ எண்ணி வெச்சுக்கோ. யாரா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றான் ஹர்ஷவர்தன்.

அவன் சொன்னது சரி. வேகமும் கூடும். பாடப்புத்தகமும் அவன் பக்கம்.

"மெயில் போய்க்கினு இருக்கசொல்ல புதுசா பேர் குடுக்கிறவங்க?"

"அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"அடுத்த தடவ ரூம் இருக்காது சார்."

அவன் மாற்றி எழுதினான். அவன் டீ குடிக்கப் போனதும் அவள் பழையபடி ஆக்கினாள். "இன்னொரு தடவ கை வெச்சா கையெழுத்து கிடையாது" என்றான். விடுதிக்குக் காட்டப் போன அன்று காலையிலும் கை வைத்திருந்தாள்.

விடுதிக்காரர் கோதண்டராமன் திரை முன் உட்கார்ந்தார். மெயில் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது.

"இன்னாம்மா, சுத்திகினே கீது?"

"ஆள் வந்துகினே கீறாங்க சார். வர்றது நின்னா நிக்கும்."

ஹர்ஷவர்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"என்கிட்ட காலி ஆனதே நாலு ரூமு. அது அப்பவே பூட்ச்சு. இன்னும் யாரை வான்னு கூப்புடுறே? வந்து நின்னா என் வூட்லயா படுக்க வெப்பேன்?"

ரேணுகாவுக்கு முகம் சுருங்கியது. வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தவள் அறையை மறந்திருந்தாள்.

"முதல்லயே எண்ணி வெச்சுடலாம் சார்" என்று ஹர்ஷவர்தன் முந்தினான்.

"எண்ணி இன்னா பண்ணுவே? மெயில் போவசொல்லவே ரூமு ஒண்ணொண்ணா பூடுதே. அப்பப்ப பாக்க வாணாமா?"

அப்பப்போது பார்க்கும் இடம் லூப்பில் நிபந்தனைதான். அறை மிச்சமிருக்கிறதா என்ற கேள்வியை ஹர்ஷவர்தன் தன் கையாலேயே அங்கே எழுதினான். அவளுடைய கேள்வியை அழிக்கப் போனான்.

"அது இருக்கட்டும் சார். ரெண்டையும் கேக்கட்டும்."

வேகமில்லாமல், ஒழுங்காக ஓடியது. கையெழுத்து மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போனது. படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'பிடிவாதம்' என்று எழுதியிருந்தான். ரேணுகா படித்துப் பார்த்தாள். "இது சரிதான் சார்" என்று கீழே தன் பெயரை எழுதிவிட்டு, அவனுடைய வேறொரு லூப்பைத் திறந்தாள்.