பெயரின் கடைசித் துண்டு

எங்கள் பள்ளியில் நூலகம் என்று சொல்லப்பட்டது ஒரேயொரு மர அலமாரிதான்; அதைத் திறந்தால் கரையான் மருந்தின் காட்டமான நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்துவிடும். அந்த நெடி ஊறிப்போன ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பதினொன்றாம் வகுப்பில் நானும் அருள்மேரியும் மூன்று மாதம் மாறிமாறிப் படித்தோம். ஸ்பெயின் தேசத்தில் எப்போதோ வாழ்ந்த ஒரு பெரிய நாடகாசிரியரின் கதைகளை மாணவர்களுக்காகச் சுருக்கி எழுதிய புத்தகம் அது.

அந்த மனிதரின் பெயர் நீளமானது: முன்னால் சொந்தப் பெயர், நடுவில் ஒரு குட்டிச் சொல், கடைசியில் குடும்பப் பெயர். வெள்ளைக்காரர்களின் பெயர் வந்தால் "கடைசித் துண்டப் புடிச்சுக்கங்க, அதான் சர்நேம்" என்று ஆங்கில ஆசிரியர் எப்போதும் சொல்வார். ஆனால் புத்தகத்தின் முன்னுரையில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இவரை மட்டும் சொந்தப் பெயரால்தான் குறிப்பிடுவது வழக்கம் என்று ஒரு வரி இருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்த வரியை நான்தான் வாசித்தேன். அருள்மேரி சிரித்தாள். "நம்ம ஊரு ஆளு மாதிரில்ல இருக்காரு. அப்பா பேரு இனிஷியலோட போச்சு, கூப்புடுறது நம்ம பேரத்தான்."

அவள் அப்பா லாரி ஓட்டினார். விராலிமலைக்குப் பக்கத்தில் வீடு. அம்மாவின் தம்பிக்கு அவளைக் கட்டிக்கொடுக்கும் பேச்சு அப்போதே வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அவளோ இங்கிலீஷ் இலக்கியம் படிக்க வேண்டும் என்று அழுதாள். புதுக்கோட்டையில் மாவட்ட அளவில் ஆங்கில வினாடி வினாப் போட்டி அறிவித்தபோது, "அதுல மொதப் பரிசு வாங்கிக் காட்டு. காலேஜுக்கு அனுப்புறேன். இல்லைன்னா மாமன் வீட்டுக்குப் போற வழியப் பாரு" என்று அவர் சொல்லிவிட்டார். இதையும் அவள் என்னிடம் வேப்பமரத்தடியில்தான் சொன்னாள்.

போட்டியன்று ஒவ்வொருவராகக் கழிந்து, கடைசியில் மேடையில் மிஞ்சியது நாங்கள் இருவர் மட்டும். ஒரே பள்ளி என்பதால் ஆசிரியருக்குப் பெருமை தாளவில்லை. கடைசி வரிசையில் அருள்மேரியின் அப்பா காக்கிச் சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார். நடுவர் ஒரு நாடகத்தின் கதையைச் சொல்லி, எழுதியவர் யார் என்று கேட்டார். எங்கள் புத்தகத்தில் இருந்த கதை. அருள்மேரி மணியை அமுக்கி, அந்தச் சொந்தப் பெயரை மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

"அது அவரோட முதல் பேரும்மா. ஆத்தரை அப்படிச் சொல்லக் கூடாது" என்றார் நடுவர். "இல்ல சார், புக்குல..." என்று அவள் தொடங்கினாள். அவர் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள். அந்த வரியை வாசித்த வாய் என்னுடையது. "அவள் சொன்னது சரி சார்" என்று நான்கு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் குடும்பப் பெயரைச் சொன்னேன். கைதட்டினார்கள்.

பேருந்தில் ஆசிரியர் என் அருகில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். அருள்மேரி அவள் அப்பாவோடு முன்னாலேயே கிளம்பிவிட்டிருந்தாள். வந்த தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வந்தது, காய்ச்சல் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் போகவில்லை. பிறகு நான் ஆங்கிலம் படித்து, திருச்சியில் ஒரு கல்லூரியில் அதையே கற்பிக்கிறவளானேன். வருடந்தோறும் அந்த நாடகாசிரியர் பாடத்தில் வருவார். எந்தப் பெயரால் குறிப்பிடுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். முன்னுரையில் இருந்ததைத்தான் சொல்வேன். சொன்ன அன்று சாப்பாடு இறங்காது.

சென்ற மாதம் மதுரைக்குப் போகும் வழியில் விராலிமலையில் இறங்கி விசாரித்தேன். மாமன் இறந்த பிறகு அவள் தாய்வீட்டுப் பக்கமே திரும்பிவந்து, நெடுஞ்சாலையோரம் இட்லிக் கடை போட்டிருந்தாள். "வா கலா, நல்லா இருக்கியா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தவளிடம், சுற்றி வளைக்காமல் அன்றைய பதிலைப் பற்றிச் சொன்னேன். அந்த நாடகாசிரியரின் பெயர் அவளுக்கு நினைவில்லை. நான் சொல்லிக் காட்டியபோதும், கேட்டறியாத ஊரின் பெயரைக் கேட்பதுபோல் பார்த்தாள்.

"நான் சொன்னதுதான் சரியா அப்ப?"

"சரிதான்."

"அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஒரு லாரி வந்து நின்றது. அவள் எழுந்துபோய் இரண்டு பேருக்கு இட்லி வைத்துச் சாம்பார் ஊற்றிவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாந்தான் தப்பாப் படிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டேன் புள்ள. எம் மக புஸ்தகத்தத் தூக்கிட்டு வந்து எதக் கேட்டாலும், அம்மாவுக்குத் தெரியாது, டீச்சர்ட்ட கேளுன்னே சொல்லி வளத்துட்டேன்."

எனக்கு ஒரு தட்டு வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் வரவில்லை.