முப்பத்திரண்டு லட்சம் எழுத்துக்கு அப்பால் ஒரு சொந்தம்

தர்யோனோவுக்கு வயது நாற்பத்து மூன்று. அதில் பதினோரு வருடத்தைத் தற்காலிக ஊழியராகவே கழித்திருந்தார். தற்காலிகத்தில் அவரைப் போல நிரந்தரமானவர் இந்தோனேசியாவின் போகோர் ஆய்வுக்கூடத்தில் வேறு எவரும் இல்லை.

கடுகுக்கீரை ஊறுகாயில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபுத் தொடர், முப்பத்திரண்டு லட்சம் எழுத்து, அவர் கணினியில் இருந்தது. இங்கே நிற்கும் எழுத்துக்கும் தொலைவில் நிற்கும் எழுத்துக்கும் ஒட்டுறவு உண்டா என்று கணக்குப் போடுவதே அவர் வேலை. பக்கத்தில் இருந்தால் உண்டு. தள்ளிப் போகப் போக மெலிந்தது. மனிதர்களும் அப்படித்தான் என்பதால் அவர் வியக்கவில்லை. ஆனால் முப்பத்தொரு லட்சத்தைத் தாண்டியதும் உறவு விறுவிறுவென ஏறிப் பழைய உச்சியைத் தொட்டது.

எல்லோரும் மரியாதையாகப் ‘பு’, அதாவது அம்மா, என்றழைக்கும் ஆய்வுக்கூடத் தலைவி ஹெஸ்தி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். தர்யோனோ அவருக்கு ‘மாஸ்’, அதாவது அண்ணன்.

“மாஸ், கடைசி முனை முதல் முனையோட பேசுதே! வெள்ளிக்கிழமை ஜகார்த்தா தலைமையகத்துலேர்ந்து வர்றாங்க. அவங்க முன்னாடியே அறிவிச்சிடுவோம். உங்க நிரந்தர வேலைக்கும் அன்னிக்கே கையெழுத்து!”

உடனே பேனர் அடிக்கக் கொடுத்தார்கள். அது இல்லாமல் அங்கே அறிவியல் நகராது. விசேஷங்களுக்கென்று கூம்பாகக் குவிக்கும் மஞ்சள் சோற்றுக்கும் சொல்லியாயிற்று.

வியாழன் மதியம், அந்தக் கணக்கின் வரைபடத்தை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போன தர்யோனோ, ஜன்னல் வெளிச்சத்தில் அதைக் கண்டார். இடப் பாதியும் வலப் பாதியும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன. இயற்கைக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது. கணக்குப் போட்ட கணினி நிரலைத் திறந்தார். இரண்டு மாதம் முன்பு அவரே குறித்திருந்தார்: ‘இது வளையம். கடைசி எழுத்துக்கு அடுத்தது முதல் எழுத்து.’ வளையம் என்று தெரிந்தே கணக்கெழுதி, விடையை மட்டும் நீட்டிய கயிறாகப் படித்திருக்கிறார். இப்படித் தவறு செய்யப் பெரும் படிப்பு வேண்டும்.

ஒருநாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிச்சயம். அவர் எழுந்து தலைவியின் அறைக்குப் போனார்.

“பு, தாவரத் தோட்டத்தைச் சுத்தி ஒருவழிப் பாதை. ஏறின இடத்துக்குப் பத்தடி பின்னாடி இருக்கற கடைக்குப் போகணும்னா வேன்ல முழுச் சுத்தும் சுத்தணும். அதுக்காக அந்தக் கடை தூரமா?”

“பொடி வச்சுப் பேசாதீங்க, மாஸ்.”

“நாம கண்டுபிடிச்ச தூரத்து சொந்தம், பக்கத்து வீடு.”

ஹெஸ்தி மெல்ல உட்கார்ந்தார். “பேனர் வந்தாச்சே!”

“பாக்டீரியாவுக்குத் தெரியாதே, பு.”

“நாளைக்கு சாயங்காலம் சொல்லியிருக்கலாமே? கையெழுத்தாவது விழுந்திருக்கும், மக்கு மனுஷா!”

“நெனச்சேன். அதுக்குள்ள இது கண்ல பட்டுடுச்சு.” வரைபடத்தின் நட்டநடுவைத் தொட்டார். “வளையத்துல ரொம்ப தூரம்னா நேர் எதிர்ப்பக்கம், பதினாறு லட்சம். அங்க கோடு பூஜ்யத்துக்குக் கீழ போகுது. சொந்தமில்ல, பகை.”

“அது பாடப்புத்தகத்துலயே இருக்கு! பாக்டீரியா ரெண்டாப் பிரியறப்போ, வளையத்துல ஒரு இடத்துல நகலெடுக்க ஆரம்பிச்சு, ரெண்டு பக்கமா போய், எதிர்ல முடியும். அதனால ரெண்டு பாதியோட எழுத்து விகிதமும் எதிரெதிரா சாயும்.”

“தெரியும். நம்ம ஊறுகாய்ல யாரு பாத்தாங்க?”

வெள்ளிக்கிழமை பேனரைப் பின்பக்கம் தெரியத் திருப்பி மாட்டினார்கள். ஜகார்த்தாக்காரர்கள் சோற்றை வெட்டிச் சாப்பிட்டு, வெள்ளைத் துணி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நிரந்தர வேலைக்குக் கையெழுத்து விழவில்லை, தற்காலிக ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் நீண்டது. அந்தத் தாளைப் படிக்காமலே ஒப்பமிட்ட தர்யோனோ, அதன் பின்பக்கத்தில், வரைபடத்தின் நடுப்பள்ளம் ஏன் எதிர்பார்த்த ஆழத்தில் பாதிதான் இருக்கிறது என்று கணக்குப் போடத் தொடங்கினார்.