நாலு பேர், ஐந்து ஊணு

அன்று மேசையில் இருந்தவர்கள் நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள், வீட்டுக்காரரின் தங்கை. வேறு யாரும் இல்லை. பரிமாறிய மலையாளத்துச் சேச்சி நின்றுகொண்டேதான் இருந்தார், ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், பில்லில் ஐந்து ஊணு, அதாவது ஐந்து சாப்பாடு, என்று இருந்ததுதான்.

எங்கள் லயத்து வீடு தேவிகுளம் பக்கம். நானும் வீட்டுக்காரரும் தேயிலை எஸ்டேட்டில் வேலை. அவருடைய தங்கை சித்திரபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் சமையல்கட்டில் இருக்கிறாள். தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். இந்த மலையில் வீட்டுக்காரருக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் தென்காசிப் பக்கம் இறங்கிப் போய்விட்டார்கள்.

மகளை நர்ஸிங்கில் சேர்த்தபோது கையில் பணம் குறைந்தது. நாத்தனார் இருபதாயிரம் கொடுத்தாள். கேட்கவில்லை, அவளாகவே கொண்டுவந்து அரிசிப் பானை மேல் வைத்துவிட்டுப் போனாள். மாதம் ஐநூறாகப் பதினேழு மாதம் திருப்பிக் கொடுத்தோம். பதினேழாவது மாதம் எனக்கு ராத்திரியெல்லாம் ஒரே யோசனை. கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி? நாளைக்கு அவளுக்கோ எங்களுக்கோ ஏதாவது ஆகிவிட்டால்? ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். கூட்டல் கழித்தல் வரும், வகுத்தல் கடைசிவரை வரவில்லை. ஆனால் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டை அவள் முன்னால் நீட்டி, "பதினேழுக்கும் சேத்து ஒரு கையெழுத்துப் போட்டுரு தாயி" என்றேன்.

அவள் நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எங்க அண்ணனுக்குக் குடுத்த காசுக்கு நான் கையெழுத்துப் போடணுமா? இனிமே காசும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க மதினி."

அதோடு போனவள்தான். எட்டு மாதம் வரவில்லை. கொடுத்தனுப்பிய ஐநூறும் திரும்பி வந்துவிட்டது. கடன்காரர் காசு கேட்டு வந்தால் ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். வேண்டாம் என்கிறவரை என்ன செய்வது? வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்காருவார். கூப்பிடமாட்டார். என்னையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

போன மாதம் மகள் லீவுக்கு வந்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு அத்தையிடமிருந்து போன் வந்தது. நாளைக்கு மத்தியானம் மூன்று பேரும் சித்திரபுரம் வாருங்கள், வீட்டு ஊணு கடையில் சாப்பிடலாம், செலவு தன்னுடையது என்றாள். வீட்டுக்காரர் அப்போதே சட்டையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்குத்தான் யோசனை. பதினோராயிரத்து ஐநூறு பாக்கி வைத்திருக்கிறவர்கள் அவள் செலவில் வயிறுமுட்டச் சாப்பிட்டால் பார்க்க எப்படி இருக்கும்? "காசைத் திருப்பித் தர வழியில்ல, திங்க மட்டும் தெரியுது" என்று நினைக்கமாட்டாளா? வீட்டுக்காரர் வேறு சோற்றைப் பார்த்தால் விடமாட்டார். ஆகவே ஞாயிறு காலை பத்து மணிக்கு மூன்று கிலோ கப்பைக் கிழங்கை, மரவள்ளிதான், வேகவைத்தேன். தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி அரைத்தேன். சாப்பிடச் சொன்னேன்.

"ஓட்டலுக்குப் போறப்ப எதுக்கும்மா இது?" என்றாள் மகள்.

"வழியில மயக்கம் வந்துரும். சாப்பிடு."

"ஒரு மணி நேரம் பஸ்ஸுல போறதுக்கா?"

"வளைவு ஜாஸ்தி."

வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல் நாலு தட்டுச் சாப்பிட்டார்.

அந்தக் கடை ஒரு வீட்டின் முன்னறை. ஐந்து மேசை. கணவர் கல்லாவில், மனைவி பரிமாறுவார், எல்லாருக்கும் அவர் சேச்சி. நாங்கள் உட்கார்ந்ததும் சேச்சி இலை போட்டு, சிவப்பாகச் சுடுதண்ணீர் ஊற்றினார். அது பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், காசு கிடையாது என்று தெரியும். இருந்தாலும் நான் கொஞ்சமாகத்தான் குடித்தேன். நாத்தனார் எங்களுக்கு முன்பே வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். புதுச் சேலை. "வாங்க மதினி" என்றாள். அவ்வளவுதான். அண்ணனைப் பார்த்து, "இளைச்சுட்டியண்ணே" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

குத்தரிசிச் சோறு வந்தது. சாம்பார், முட்டைக்கோஸ் தோரன், அவியல், புளி போட்ட மீன் கறி, மோர்க்கறி, பப்படம், நாரத்தங்காய் ஊறுகாய். தனியாக ஒரு தட்டில் பொரித்த மீன். சோறு எத்தனை தடவை கேட்டாலும் போடுவார்கள். சேச்சி ஒவ்வொரு முறையும் "கொறச்சு கூடி?" என்று, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போட்டுவிடுவார். நல்ல சாப்பாடு. மீன் கறி வாசனைக்கே இன்னும் ரெண்டு பிடி இறங்கும். ஆனால் உள்ளே கப்பைக் கிழங்கு உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்காரர் முதல் சோற்றிலேயே நின்றுவிட்டார். மகள் பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, சோத்துல கோலம் போட்டுட்டு இருக்க?"

"சாப்பிடுதேன், சாப்பிடுதேன்."

"மீனு நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்கு. மெதுவா..."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். என் இலையில் சோறு குன்றாக இருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. பேசாமல் இலையை மூடிவிடலாம் என்று தோன்றியது. மேல்பாதியைத் தூக்கி என் பக்கம் மடித்தால் அதிலிருக்கும் மோர்க்கறி மடியில் வடிந்து சேலை கெட்டுவிடும். ஆகவே கீழ்ப்பாதியைத் தூக்கி, அந்தப் பக்கமாக மூடினேன்.

மூடிய பிறகுதான் பார்த்தேன். சாவு வீட்டில்தான் அப்படி மூடுவது. நல்ல காரியத்தில் சாப்பிட்டால் இலையை நம் பக்கம் மடிக்க வேண்டும், உறவு நிலைக்கும் என்று. கருமாதிச் சாப்பாட்டில் எதிர்ப்பக்கம் தள்ளி மூடுவோம், இந்தக் காரியம் திரும்பி வர வேண்டாம் என்று. நான் மூடிய இலையின் ஓரம் அவள் தண்ணீர் டம்ளரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவள் கை சோற்றிலேயே நின்றது.

"அண்ணே, உன் பொண்டாட்டி எனக்குக் கருமாதிச் சோறு சாப்பிட்டு முடிச்சுட்டாவ."

"இல்ல தாயி, மோர்க்கறி வடியும்னுதான்..." என்றேன்.

"எட்டு மாசம் கழிச்சுக் கூப்பிட்டு வச்சுச் சோறு போட்டா, ஒரு வா இறங்கல உங்களுக்கு. மூணு பேருக்கும் இறங்கல. என் காசு அவ்வளவு கசக்குதா மதினி?"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சட்டையில் தேய்த்த மடிப்பு இன்னும் கலையவில்லை. இப்போது எழுந்து போனால் அவள் இனி வரமாட்டாள். இவர் சாகிறவரை வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"சேச்சி, எனக்கு இன்னொரு இலை போடுங்க" என்றேன்.

"அம்மா, வேண்டாம்மா" என்றாள் மகள். பாதி நர்ஸ் அவள், பயம் இருக்கத்தானே செய்யும்.

சேச்சி மூடிய இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டார். சோறு, சாம்பார், தோரன், அவியல், மீன் கறி எல்லாம் முதலிலிருந்து வந்தது. நான் சாப்பிட ஆரம்பித்தேன். பக்கத்து மேசையில் இருந்த யாரோ ஒரு டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பாதியில் மூச்சு வாங்கியது. இடுப்பில் முந்தானையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன்.

மகளால் பொறுக்க முடியவில்லை. "அத்தை, நிப்பாட்டச் சொல்லுங்க. காலையில பத்து மணிக்கு எங்களுக்கு மூணு கிலோ கப்பை அவிச்சுப் போட்டாங்க. உங்க செலவுல நிறையச் சாப்பிட்டா நீங்க தப்பா நினைப்பீங்களாம்."

"வளைவு ஜாஸ்திங்கிறதாலதான் போட்டேன்" என்றேன், வாயில் சோற்றோடு.

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். "நீ எத்தன தட்டு?"

"நாலு" என்றார்.

அவள் முகம் அப்படியே இருந்தது. ஆனால் மோர்க்கறிக் கிண்ணத்தைச் சேச்சி கையிலிருந்து வாங்கி, அவளே என் இலையில் ஊற்றினாள். "சாப்பிடுங்க. பாதியில விட்டா சாமிக்கு ஆகாது." நான் விடவில்லை. முடித்தேன். மேல்பாதியை எடுத்து என் பக்கம் மடித்தேன். மோர்க்கறி வடிந்தது, சேலையில்தான். நாலு பேரும் அதைப் பார்த்தோம்.

கல்லாவில் ஐந்து ஊணுக்குப் பில் வந்தது. மூடின இலை முடிந்த ஊணு, புது இலை புது ஊணு என்றார் சேச்சியின் கணவர். நியாயம்தான். நாத்தனார் பணம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் கூப்பிட்டது நாலு ஊணுக்கு. அஞ்சாவது நீங்களா கேட்டு வாங்கினது. அது என் செலவுல சேராது, சொல்லிட்டேன். நோட்டு எங்க?"

"நோட்டெல்லாம் கொண்டுவரல தாயி."

"பையில இருக்கு அத்தை" என்றாள் மகள்.

இருந்தது. ஐநூறு ரூபாயும் அதற்குள்ளேயே இருந்தது, எட்டு மாதமாக. அவள் கல்லா மேல் நோட்டை விரித்தாள். ஐநூறை எண்ணாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வரவு என்று எழுதினாள். அதற்குக் கீழே, ஊணு ஒன்று, நூற்று இருபது, மதினி சாப்பிட்டது என்று எழுதி, பாக்கியையும் கூட்டிப் போட்டாள். கையெழுத்துப் போட்டாள். பழைய பதினேழுக்கும் சேர்த்துப் போட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம நான் அங்க வாரேன்" என்றாள் அண்ணனிடம். "கப்பை இருக்குமா?"

பஸ்ஸில் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை, உட்காரவும் முடியவில்லை. நோட்டை எடுத்து அவள் கூட்டியது சரிதானா என்று இரண்டு தடவை பார்த்தேன். சரிதான். பாக்கி பதினோராயிரத்து நூற்று இருபது ரூபாய்.