பத்துப் பேராகப் பாடினேன்

எங்கள் குவார்ட்டர்ஸ் மாடியில் சுரங்கத்தில் வேலை பார்க்கும் மைன்ஸ்காரர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரில் விதவிதமாகச் சத்தம் உண்டாக்குவார்.

"வளைகாப்புக்கு நீ பாடலைன்னா வளையலே போட்டுக்க மாட்டேன்" என்றாள் என் மகள். தனியாகப் பாட எனக்குக் கூச்சம். மாடிக்காரரிடம் சொன்னேன். மைக்கைக் கொடுத்தார். ஒரு வரி பாடினேன். பாடும்போதே ஸ்பீக்கரில் பத்துப் பெண்கள் கூடப் பாடினார்கள்.

"யாரு தம்பி இவங்கல்லாம்?"

"எல்லாமே நீங்கதாம்மா. உங்க குரலைத்தான் கம்ப்யூட்டர் அப்பப்பவே பத்தாக்குது."

வளைகாப்பன்று அவர் கம்ப்யூட்டரோடு வந்துவிட்டார். அந்தப் பத்துக் குரல் கூட்டத்துக்குள் ஒளிஞ்சுகினு முழுப் பாட்டையும் பாடிவிட்டேன். மகள் வளையலுக்குக் கையை நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்துப் பேரும் சிரித்தார்கள், வீடே சிரித்தது.

அவரை எல்லாரும் முன்னால் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். என்னைவிடக் கூச்சக்காரர்!