வலைக்கு மேலே நீண்ட கை

என் மனைவியின் கையை இன்னொருவர் பிடித்துக் குலுக்கினார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கையில் மட்டை வேறு இருந்தது!

பதறாதீர்கள். அது தலவாக்கலையில் நடந்த பட்மின்டன் போட்டி. பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிறு. கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் என் ஜோடி என் மனைவி சுசீலாதான். ஹட்டனில் டீச்சராக இருக்கிறாள். நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தூளின் பதம் பார்க்கும் டீமேக்கர் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் ஜோடியில் ஆடுகிறவள் அவள். பாராட்டை வாங்கிக்கொள்கிறவன் நான்.

அன்றைக்கு அந்த ஏற்பாடு கெட்டது.

எதிர்ப்பக்கம் மாணவி ஒருத்தியை ஜோடி சேர்த்துக்கொண்டு ஆடியவர் ராமையா மாஸ்டர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்தவர். இருபத்தேழு வயது இருக்கலாம். நீலச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். எண்ணெய் தடவித் தூக்கி வாரிய தலை. அரைமணி நேரம் குதித்து ஆடியும் ஒரு முடி கலையவில்லை! எங்களைத் தோற்கடித்துவிட்டு, வலைக்கு மேலே கையை நீட்டினார். எனக்கல்ல... சுசீலாவுக்கு.

"டீச்சர், இந்த மாதிரி பேக்ஹேண்ட் நான் கொழும்புலகூட பாத்ததில்லங்க!"

ஒன்று... இரண்டு... மூன்று. மூன்று வினாடி. பிறகுதான் கையை விட்டார். என் பக்கம் திரும்பி, என் விரல் நுனியைத் தொட்டு, "தேங்க் யூ சார்" என்றார். அவ்வளவுதான். என்னுடைய பேக்ஹேண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. சுசீலா மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"கை செவந்து போயிருக்கே?" என்றேன்.

"பேட் புடிச்ச கை செவக்காம கறுக்குமா?" என்றாள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? விளையாட்டில் கை குலுக்குவதை ஆதரித்து எழுதியவன் நான். இதே பத்தியில்!

சுதந்திரம் கிடைத்த வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது கை குலுக்குவது தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரின் சமாசாரம். அவர்கள் டென்னிஸ் ஆடி முடித்தால் வலைக்கு இரண்டு பக்கமும் நின்று கையை ஆட்டிக்கொள்வார்கள். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். எங்கள் கால்பந்தில் ஜெயித்தவர்கள் கூச்சல் போடுவார்கள், தோற்றவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். கைக்கு அங்கே வேலையே கிடையாது.

ஒரு விளையாட்டு விழா நினைவிருக்கிறது. ஒரு மைல் ஓட்டம். முதலாவதாக வந்தவர் உரமூட்டை தூக்கும் தொழிலாளி. இரண்டாவது வந்தவர் ஆபீஸில் வேலை பார்த்த சின்னக் கிளாக்கர். துரை சின்னக் கிளாக்கரின் கையைப் பிடித்துக் குலுகுலுவென்று குலுக்கினார். முதலாவது வந்தவரிடம் கோப்பையை மட்டும் நீட்டினார். விளிம்பைப் பிடித்து, விரல் படாமல். அந்த மனிதர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்தார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

பிறகு மெல்ல மெல்ல மாறியது. முதலில் இரண்டு கேப்டன்கள் மட்டும் கை கொடுத்தார்கள். அப்புறம் பதினொரு பேரும் வரிசையில் வந்து கொடுத்தார்கள். பெண்கள் ஆட வந்தபோது வலைக்கு அந்தப் பக்கம் நின்று வணக்கம் சொன்னார்கள். இரண்டு வருஷத்தில் விரல் நுனி... அப்புறம் முழுக்கை. இப்போது ஹட்டன் மைதானத்தில் போய்ப் பாருங்கள். கோல் போட்டவனைக் கட்டிப்பிடித்துத் தூக்குகிறார்கள். கோல் வாங்கியவனும் வந்து கை கொடுக்கிறான்!

முன்னேற்றம் என்று எழுதினேன். மற்றவர்களின் மனைவிமார் கை குலுக்கிய வரைக்கும் அது முன்னேற்றமாகத்தான் தெரிந்தது.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஏதோ கொள்கை பேசுகிறவனைப்போல ஆரம்பித்தேன்.

"யோசிச்சுப் பாத்தேன் சுசீலா. கை குலுக்கறது வெள்ளக்காரன் பழக்கம். நம்மளுக்கு வணக்கம் இருக்கு. இனிமே ஆட்டம் முடிஞ்சா ஒரு வணக்கம் போடு, போதும்."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "எல்லாருக்குமா? இல்ல, அந்த மாஸ்டருக்கு மட்டுமா?"

"சே! எல்லாருக்கும்தான்."

"சரிங்க. சொன்னது நீங்க. ஞாபகம் இருக்கட்டும்."

அடுத்த மாதம் பதில் போட்டி எங்கள் கிளப்பில். தலவாக்கலைக்காரர்கள் வந்தார்கள். நோட்டன் பிரிட்ஜிலிருந்தும் ஒரு ஜோடி வந்தது. மின்சார நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெரியவரும் அவர் மகளும். காலையில் முதல் ஆட்டம் அவர்களோடு. ஜெயித்தோம். பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே சுசீலாவிடம் கையை நீட்டினார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயது, வழுக்கைத் தலை, தொப்பை... இதில் என்ன பண்பாடு கெட்டுவிடப் போகிறது? தலையாட்டினேன். கை கொடுத்தாள்.

ராமையா மாஸ்டர் ஓரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த ஆட்டம் அவரோடு. மூன்று செட் போனது. கடைசிப் புள்ளியைச் சுசீலாவின் பேக்ஹேண்ட் முடித்து வைத்தது. சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். மாஸ்டர் சிரித்துக்கொண்டே வலைக்கு வந்தார். கையை நீட்டினார்.

சுசீலா மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

அவள் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

நீட்டிய கை வலைக்கு மேலேயே நின்றது. எவ்வளவு நேரம்? அந்த நேரத்தை நான் எண்ணவில்லை. எண்ணத் தைரியம் இல்லை. பிறகு அவர் கையை இழுத்துக்கொண்டார். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார், அழுக்கு ஏதோ இருந்ததைப்போல. சிரிப்பு போய்விட்டிருந்தது.

தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டோம். வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க மாஸ்டர்."

"எங்கப்பா வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்துல தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுறாரு. அம்மா கொழுந்து எடுக்குது. நான் பொறந்தது கூலிக்காரங்க லயத்துல. எங்க ஆளுங்க என்ன சாதின்னும் விசாரிச்சிருப்பீங்க. போன தடவ தெரியாம டீச்சர் கை குடுத்துட்டாங்க. இடையில யாரு வந்து சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. சத்தியமாக எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் என்ன சொல்ல? அவர் கண்ணால் பார்த்தது அதுதான்! நோட்டன் பிரிட்ஜ் பெரியவருக்குக் கை. அவருக்குக் கும்பிடு.

"அப்பிடி இல்ல மாஸ்டர்..." என்றேன்.

"பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுசீலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தாள்.

"தலவாக்கலைக்குப் போங்க."

"போயி?"

"உண்மையச் சொல்லுங்க. எம் புருசன் பொறாம புடிச்ச மனுசன், அதுதான் காரணம்னு சொல்லுங்க."

"அத எப்பிடி ஒரு ஆம்பள இன்னொரு ஆம்பளகிட்ட..."

"வெக்கமா இருக்கா? அவரு சாதின்னு நெனச்சுக்கிட்டுப் போயிருக்காரு. அந்தக் கும்பிட்டப் போட்டது என் கை. ஒங்க வெக்கத்துக்காக அந்தப் பழிய நான் சொமக்கணுமா?" என்றாள். "எத்தன புள்ளைங்க லயத்துலேருந்து எங்கிட்டப் படிக்க வருது தெரியுமா? நாளைக்கு நான் அதுங்க மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

சனிக்கிழமை பஸ் ஏறினேன். பள்ளிக்கூட மைதானத்தில் மாஸ்டர் தனியாக இருந்தார். சுண்ணாம்பு கரைத்து வைத்துக்கொண்டு பட்மின்டன் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "வாங்க" என்று சொல்லவில்லை.

வழியில் நான் அழகாக ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன். அது எங்கே போயிற்றோ!

"மாஸ்டர், டீச்சர் மேல தப்பில்ல. கை குடுக்காதேன்னு நான்தான் சொன்னேன். நீங்க நெனச்ச காரணம் இல்ல. நீங்க அவ கையப் புடிச்சுப் பாராட்டுனது எனக்குப் பொறுக்கல. பொறாம... அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. "நல்ல காரணமா கண்டுபுடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க சார்."

நம்பவில்லை! வெட்கத்தை விட்டு ஒப்புக்கொண்டும் நம்பவில்லை. என்ன செய்வது? வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன்.

"அன்னைக்கு நீலச் சட்ட போட்டிருந்தீங்க. கை மடிச்சிருந்தீங்க. மூணு வினாடி புடிச்சிருந்தீங்க, நான் எண்ணுனேன். என் கைய ஒரு வினாடிகூடப் புடிக்கல. கொழும்புலகூட பாத்ததில்லன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் ஒரு மாசமா தொழிற்சாலைக்குப் பின்னால செவத்துல அடிச்சு அடிச்சு நானும் பேக்ஹேண்ட் பழகுறேன். வர மாட்டேங்குது. போன வாரம் கடையில எண்ண வாங்கி, ஒங்கள மாதிரி தலையத் தூக்கி வாரிப் பாத்தேன். எனக்கு முன்னால முடியே இல்ல மாஸ்டர்!"

அவர் என் தலையைப் பார்த்தார். பிறகு சுண்ணாம்பு வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை சிரிப்பு நிஜமாக வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அது முழுக்கச் சிரிப்பினால் வந்த தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"ஆறு நாளா இந்தக் கையப் பாத்துப் பாத்து மனசு வெந்துச்சு சார்" என்றார். "படிச்சோம், வேலைக்கு வந்தோம், எல்லாம் முடிஞ்சிச்சுன்னு நெனச்சிருந்தேன். ஒரு கும்பிட்டுல திரும்ப லயத்து வாசல்ல கொண்டுபோய் நிப்பாட்டிட்டீங்களே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"டீச்சர் மேல கோவமில்லன்னு சொல்லுங்க. ஒங்க மேல இருக்கு. போகும்... மெதுவாப் போகும்." எழுந்து, கோட்டுக்கு நேர் பிடிக்கும் கயிற்றின் ஒரு நுனியை என் பக்கம் போட்டார். "வந்ததுதான் வந்தீங்க. அந்தப் பக்கம் போயி இழுத்துப் புடிங்க. கோடு கோணாம வரணும்."

பிடித்தேன். ஒரு மணிநேரம் பிடித்தேன். அன்றைக்கு அவர் எனக்குக் கை கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை?

போன ஞாயிறு அதே மைதானத்தில் மறுபடியும் ஆடினோம். தோற்றோம். கடைசி ஷட்டில் தரையைத் தொட்டதும் சுசீலா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக வலைக்குப் போய், அவர் நீட்டுவதற்கு முன்னால் தன் கையை நீட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை தட்டின. அடுத்து மாஸ்டர் என் கையைப் பிடித்தார். நுனியை அல்ல, முழுக்கையையும்.

எனக்குப் பொறாமை போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? வாசகர்களிடம் பொய் சொல்லக் கூடாது. போகவில்லை. அவர்கள் கை குலுக்கியபோது வயிற்றில் ஏதோ சுருண்டது. ஆனால் அது என் வயிறு. அதை அடுத்தவர் கைமேல் ஏற்றி வைத்து, பண்பாடு என்று பெயர் சூட்ட எனக்கு உரிமை இல்லை. இவ்வளவு தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நல்ல மனிதரின் ஆறு நாள் வேதனை தேவைப்பட்டிருக்கிறது.

புறப்படும்போது மாஸ்டர் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினார். ஆவணியில் அவருக்குக் கல்யாணமாம்.

அந்தச் செய்தியைக் கேட்டு என் அளவுக்குச் சந்தோஷப்பட்டவர் இந்த மலைநாட்டில் யாரும் இருக்க முடியாது — மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!